காற்று கீழே விடாத வேதமுத்து

வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற சமயத்தில், மேற்கு மலைக் கணவாய் வழியாகக் காற்று பொதி பொதியாக வந்து எங்கள் சாரல்விளையின் மேல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், பெரிய காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் வேலையில் இருந்த வேதமுத்து, உச்சியில் நின்றபடி இடுப்பு வாரின் கொக்கியை ஒரு வளையத்திலிருந்து கழற்றி அடுத்த வளையத்தில் மாட்டப் போகிற நேரத்தில் கால் வழுக்கி விழுந்தான், ஆனால் தரைக்கு வந்து சேரவில்லை.

அவன் மனைவி ஜெயக்கனி அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வேதமுத்துவோடு வேலை பார்க்கிற பையன் ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "யக்கா, அண்ணன் மேலருந்து தவறிட்டாரு" என்றதும் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே ஓடினாள். ஓடும்போது தரையைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினாள், பார்க்கக் கூடாததைப் பார்க்கப் போகிறோம் என்ற திகிலில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டும் ஓடினாள். காற்றாலையின் அடியில் ஊரே கூடி உடைமரப் புதர்களுக்குள் தேடிக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு கிடைத்தது, ஒரு திருப்புளி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் வெட்டவெளியில், பக்கத்தில் யாருமே நிற்காத இடத்தில், மனுஷ நிழல் ஒன்று கிடந்து ஆடுவதை யாரோ பார்த்து அலறினார்கள். எல்லோரும் அண்ணாந்தார்கள்.

வேதமுத்து காற்றின் மேல் குப்புறப் படுத்திருந்தான். கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கீழே எட்டிப் பார்க்கிறவனைப் போலக் கையையும் காலையும் விரித்துப் படுத்திருந்தான். சட்டை உப்பியிருந்தது.

ஜெயக்கனியின் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏங்க, அங்க என்ன செய்யுதீங்க?"

அவன் என்னவோ சொன்னான். வாய் அசைந்தது தெரிந்தது. சொன்னதைக் காற்று அள்ளிக்கொண்டு கிழக்கே போய்விட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது, ஏணி எட்டவில்லை. ஹெலிகாப்டர் வந்தது, அதன் விசிறி கிளப்பிய காற்றில் அவன் இன்னும் மேலே போய்ப் பருந்து அளவுக்குச் சிறுத்துவிட்டதால் ஜெயக்கனியே கும்பிட்டு அதைத் திருப்பி அனுப்பினாள். பெரிய பட்டத்தில் கயிறு கட்டி ஏற்றினார்கள், அவன் எட்டிப் பிடித்தும் விட்டான், ஆனால் கீழே கயிற்றைப் பிடித்திருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையை விட்டு எழும்பத் தொடங்கியதும் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்த எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "விழுந்துட்டாருன்னு எழுதணும்னா ஆளு விழுந்திருக்கணும்லா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வண்டியேறிப் போனார். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் அவன் றெக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஊரைச் சுற்றியிருந்த காற்றாலைகளை எல்லாம் நிறுத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்டோம். இப்போது நினைத்தால் அதுதான் எங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. காலையில் ஜெயக்கனி இட்லியை வாழையிலையில் கட்டி, தண்ணீர் பாட்டிலோடு பட்டத்தில் ஏற்றுவாள், அவன் பட்டத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டு நூலை ஒரு சுண்டு சுண்டுவான். மழை பெய்தால் நனைவான், வெயில் அடித்தால் காய்வான், யாரும் குடை அனுப்பவில்லை, அனுப்பினால் இன்னும் மேலே போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவனை நோயாளிகளோடு சேர்ப்பதா இறந்தவர்களோடு சேர்ப்பதா என்று சபையில் தகராறு வந்து, கடைசியில் போதகர் அவனைப் பிரயாணத்தில் இருக்கிறவர்களோடு சேர்த்து ஜெபித்தார், எல்லோரும் ஆமென் சொன்னோம். அடுத்த தெருப் பெண்கள் வந்து, வெள்ளைச் சேலை கட்டுவதைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசியபோது ஜெயக்கனி எழுந்துபோய் இருப்பதிலேயே சிவப்பான சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றாள். "அவுகளுக்கு மேலருந்து பாத்தா நான்தான்னு தெரியணும்லா" என்றாள்.

அவன் பேச்சு மட்டும் எங்கள் ஊரில் கேட்பதில்லை. அவன் சொல்வதெல்லாம் காற்றோடு போய்க் கிழக்கே புதுக்கரை என்ற ஊரில் இறங்கும். அங்கே சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் தலைக்கு மேல் திடீரென்று ஒரு ஆண்குரல் கேட்டுத் திடுக்கிட்டு, கேட்டதைப் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவார்கள். அவர் சாரல்விளை நிறுத்தத்தில் இறங்கி விசில் ஊதி ஜெயக்கனியைக் கூப்பிடுவார்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு இட்லிக்கு எள்ளுப்பொடி கேட்டாராம்."

"நல்லா இருக்காகளாமா?"

"எள்ளுப்பொடி கேக்காருல்லா, நல்லாத்தான் இருப்பாரு."

வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் அவன் நிழலை மிதித்து விளையாடினார்கள், கேரளத்துப் பக்கம் மழை இறங்குவதை அவன் முதலில் பார்த்துக் கையை ஆட்டினால் பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்தார்கள். ஆனி போய் ஆடி வந்தது, ஆடியும் போனது. ஆவணியில் ஒரு நாள், டீக்கடை ஞானதுரை பாலை ஆற்றிக்கொண்டே, யாரைக் கேட்கிறோம் என்றில்லாமல் கேட்டார்:

"ஆமா, புரட்டாசில காத்து நின்னுபோனா வேதமுத்து என்ன ஆவான்?"

கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன கையோடு அப்படியே நின்றார்கள். எங்கள் ஊர்க் காற்று குறைந்து குறைந்து நிற்கிற காற்று இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே அடியாக நிற்கும், பிறகு மாதக்கணக்கில் இலை அசையாது. வருஷா வருஷம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஆனி முதல் அவனைத் தினமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அன்றைக்கு ஞானதுரை ஆற்றிய பால் கீழே சிந்தியது. சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது, அதோடு யாரும் மேலே பார்க்க விரும்பவில்லை, வெளியூர்க்காரர்களைத் தெருவுக்குள் வரவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். வலை கட்டலாம் என்றார்கள், அந்த உயரத்திலிருந்து வந்தால் எந்த வலையும் தாங்காது என்று தீயணைப்புக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள்.

ஜெயக்கனியிடம் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டாள், பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சிக்கு ஆளுக்கொரு மாடல் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார் ரெக்ஸி டீச்சர். ஒருத்தி எரிமலை செய்தாள், ஒருவன் அட்டையில் இதயம் செய்தான். வேதமுத்துவின் மகள், எட்டாம் வகுப்பில் படித்த பெனிட்டா, வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மிஞ்சிக் கிடந்த தண்ணீர்க் குழாயை நெடுக்காகப் பிளந்து மூன்று றெக்கை அறுத்தாள். பிளாஸ்டிக் மூடியில் மூன்றையும் திருகினாள். ஓடாமல் கிடந்த பொம்மைக் காரிலிருந்து மோட்டாரைக் கழற்றி அதன் கம்பியில் மூடியைச் செருகினாள். மோட்டாரை ஒரு குழாய்த் துண்டின் உச்சியில் கட்டி, குழாயைப் பலகையில் நிறுத்தி, மோட்டாரிலிருந்து வந்த இரண்டு வயரிலும் குண்டுமணி அளவில் ஒரு சிவப்பு எல்.இ.டி. பல்பை இணைத்தாள்.

வேலை முடிந்து வந்த ஜெயக்கனி அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்னட்டி?"

"காத்தாலை மாடல்மா. கண்காட்சிக்கு."

"ஒங்கப்பனக் கொண்டுபோன சாமான்தான் ஒனக்குக் கெடச்சுதா? ஒலகத்துல வேற ஒண்ணுமே இல்லையா ஒனக்கு?"

"எனக்கு இது மட்டுந்தாம்மா செய்யத் தெரியும்" என்றாள் பெனிட்டா. "அப்பாதான் சொல்லிக் குடுத்தாக."

ஜெயக்கனி அதைப் பறித்துக்கொண்டு விடுவிடுவென்று மாடிப்படி ஏறி, உடையட்டும் என்று மொட்டை மாடியில் வீசி எறிந்தாள். அது உடையவில்லை. உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரோரம் பலகை ஊன்றி நின்றது, கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்க, ஒரு நடுங்கு நடுங்கிவிட்டு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. சிவப்பு பல்பு எரிந்தது.

மிதித்து நொறுக்கப் போனவள் தன் காலடியைப் பார்த்தாள். வேதமுத்துவின் நிழல் அந்த நேரத்துக்கு எப்போதும் அந்த மாடியில்தான் விழும், ஓரம் எது நடு எது என்று தெரியாமல் புகை மாதிரி விழும், அவ்வளவு உயரத்தில் இருந்தான் அவன். இப்போது அந்த நிழலுக்கு விரல்கள் இருந்தன.

அவள் கையை நீட்டி றெக்கையைப் பிடித்து நிறுத்தினாள். விரல்கள் மறைந்து நிழல் புகையானது. கையை எடுத்தாள். பல்பு எரிந்தது, விரல்கள் வந்தன. திரும்பப் பிடித்தாள், திரும்ப விட்டாள். பிறகு தெருவே கேட்கிற மாதிரி, "பெனிட்டா!" என்று கத்தினாள், கத்திவிட்டு வெந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெக்ஸி டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவரும் நிறுத்திப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். றெக்கை முன்னைவிட வேகமாகச் சுற்றியது, ஆனால் நிழலுக்கு விரல் வரவில்லை. வயரை மாட்டினார், பல்பு எரிந்தது, விரல் வந்தது.

"பல்பு எரியணும்னா அதுக்கான பலத்த எங்கேருந்தாவது எடுக்கணும்" என்றார். "காத்துகிட்டருந்து எடுக்குது. எடுத்த அளவுக்குக் காத்து தளரும், இது பாடத்துலயே இருக்கு. ஆனா இத்துனூண்டு பல்புக்கு ஒரு ஆளு கீழ எறங்குற அளவுக்குத் தளரும்னு எந்தப் பாடத்துலயும் இல்லையே ஜெயக்கனி." சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பெரிய காத்தாலைய ஓட விட்டா றெக்கையில மாட்டிக்கிடுவாக. இது ஒண்ணுக்கே இவ்வளவு எறங்குதாகன்னா, ஊர் பூரா வச்சா?" என்றாள் ஜெயக்கனி.

பட்டத்தில் இட்லியோடு விஷயத்தையும் எழுதி அனுப்பினார்கள். மறுநாள் கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கினார், விசில் ஊதவில்லை. சத்துணவுக் கூடம் வரை நடந்து வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"யக்கா, மெதுவா எறக்கச் சொன்னாராம். எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னாராம். முதல் நாள்லருந்தே பயமாத்தான் இருக்குன்னு சொன்னாராம்."

ஜெயக்கனி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அவன் எள்ளுப்பொடி கேட்டான், சட்டை கேட்டான், பெனிட்டாவுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டான், ஒரு தடவையும் இதைச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவன் அங்கே சொகுசாக இருப்பதாக நினைத்துக்கொண்டு துணி எடுக்க அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து சாரல்விளையில் வேறு வேலை நடக்கவில்லை. கண்காட்சி தள்ளிவைக்கப்பட்டது, எரிமலையும் இதயமும் பெஞ்சுக்கடியில் போயின, வகுப்பறை எல்லாம் குழாய் அறுக்கிற சத்தமாக இருந்தது. வயலுக்குப் பதித்த குழாயைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் பொம்மைகளைக் கொடுத்தார்கள், பெரியவர்கள் டேப் ரெக்கார்டரையும் சிடி பிளேயரையும் உடைத்து மோட்டார் எடுத்தார்கள். போதகர் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் தொங்கவிடும் பல்புச் சரத்தை எடுத்து வந்து தானே ஒவ்வொன்றாக நறுக்கிக் கொடுத்தார். பெனிட்டா வீடு வீடாகப் போனாள். தட்டையாக அறுத்த றெக்கை சுற்றாது, வளைவு வேண்டும் என்று காட்டினாள். மூன்றில் ஒன்று கனத்தால் ஆட்டம் கண்டு ஒடிந்துபோகும் என்று தராசில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். ஞானதுரை செய்தது ஐந்து தடவை செய்தும் பின்பக்கமாகவே சுற்றி பல்பை எரிக்காமல் இருந்தது, பெனிட்டா வந்து வயரை மாற்றி மாட்டியதும் எரிந்தது, அந்தப் பெரிய மனுஷர் டீக்கடை நடுவில் நின்று அழுதார்.

புரட்டாசி பிறந்தது. மொட்டை மாடி, ஓட்டுக்கூரை, மாட்டுத் தொழுவம், எங்கள் சபைக் கோயில் மதில், தண்ணீர்த் தொட்டி என்று ஊர் முழுக்கக் காற்றாடிகள் நின்றன, எல்லா றெக்கையும் நூலால் கட்டியிருந்தது. கோயில் மைதானத்தில் வைக்கோலை மலையாகக் குவித்து, கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போடும் பந்தலின் படுதாவைச் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள். நிழல் மைதானத்துக்கு வருகிற முற்பகல் நேரத்தில் ரெக்ஸி டீச்சர் பள்ளிக்கூட மைக்கைப் பிடித்தார்.

"மேலத்தெரு, அவிழ்த்து விடுங்க. மத்தவங்க யாரும் தொடக் கூடாது."

மேலத்தெருவின் நூல்கள் அறுந்தன. பட்டப்பகலில் பச்சையும் சிவப்புமாகப் பல்புகள் எரிந்தன. வேதமுத்து ஒரு குலுங்கு குலுங்கி, படி இறங்குகிறவனைப் போலக் கொஞ்சம் இறங்கி நின்றான். ஊரே மூச்சை விட்டது.

"நடுத்தெரு."

இன்னும் இறங்கினான். பருந்து அளவில் இருந்தவன் ஆளாகத் தெரிந்தான். தாடி வளர்ந்திருந்தது, தோல் கருத்துப் பாளமாக வெடித்திருந்தது. இதைத்தான் நாங்கள் கீழேயிருந்து பார்க்க முடியாமல் இருந்தோம், பார்த்ததும் படுதாவைப் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஏசப்பா" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். கீழத்தெரு அவிழ்ந்தது, பனை உயரத்துக்கு வந்தான். கோயில் மதில் அவிழ்ந்தது, வேப்பமர உச்சிக்கு வந்தான். அந்த ஆனிக்குப் பிறகு முதல் தடவையாக அவன் குரல் எங்கள் ஊரில் கேட்டது.

"ஜெயா, புடிச்சுக்கோ."

"புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கேன், வாங்க" என்றாள் அவள்.

டீச்சர் அடுத்த பேரைச் சொல்ல வாயைத் திறந்தபோது மேலத்தெருப் பல்புகள் அணைந்தன. யாரும் எதையும் தொடவில்லை. நடுத்தெரு அணைந்தது, கீழத்தெரு அணைந்தது, மதில் மேலிருந்தவை கடகடவென்று நின்றன. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. அந்த வருஷத்துக் காற்று முடிந்துவிட்டது.

வேதமுத்து விழுந்தான். இந்தத் தடவை எல்லோரும் விழுகிற மாதிரி விழுந்தான். படுதா பிடித்திருந்த கைகளைப் பிய்த்துக்கொண்டு நடுவில் கிழிந்தது, வைக்கோல் வெடித்த மாதிரி சிதறியது, எலும்பு முறிகிற சத்தம் மைக்கில் கேட்டது.

மாதக்கணக்காக இருந்த காற்றின் இரைச்சல் போய், எல்லோருக்கும் காது செவிடானது போலிருந்தது. தூசி அடங்கியபோது அவன் மண்ணில் மல்லாந்து கிடந்தான், வலது கால் வேறு திசையில் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. கண் சிமிட்டியது.

பெனிட்டா முதலில் ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டாள். அவன் அவளை யாரோ என்பது போலப் பார்த்தான். மூன்று மாதமாக அவன் மனுஷர்களை உச்சந்தலையாக மட்டுமே பார்த்திருந்தான் என்பது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினாள். அவன் கையைத் தூக்கி, அந்த வகிட்டை விரலால் ஒரு தடவை தடவி, "எம்மா, பெனிட்டா" என்றான்.

அதற்குள் ஆட்களுக்கு உணர்வு வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க என்றார்கள், அது வரும் வரை பொறுக்காது, ஞானதுரையின் வேனில் ஏற்றுவோம் என்றார்கள், நாலைந்து பேர் தலைப்பக்கமும் கால்பக்கமும் குனிந்து, "மெதுவா, ஒண்ணா சேந்து தூக்குங்க" என்று அவனுக்கு அடியில் கையைக் கொடுத்தார்கள்.

"தூக்காதீங்க!"

ஜெயக்கனி போட்ட அந்தச் சத்தத்தில் குனிந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். அவள் வந்து அவன் மேல் பாதியும் மண்ணில் பாதியுமாக விழுந்து, இரண்டு கையாலும் அவன் தோளை மண்ணோடு மண்ணாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் அவுகளத் தூக்காதீங்க. ஒரு சாண்கூடத் தூக்காதீங்க. எந்த டாக்டரா இருந்தாலும் இங்க வரச் சொல்லுங்க."

டாக்டர் இங்கேதான் வந்தார். வெயில் ஏறி இறங்கும்வரை, அந்த மைதானத்து மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேதமுத்துவைக் கிடந்த இடத்திலேயே வைத்து அவர் காலைக் கட்டினார். ஜெயக்கனி கையை எடுக்கவே இல்லை.